செய்தியில் நான் பிடித்திருந்த கொடி

வூச்,
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய அக்கா தியோஃபிலாவுக்குத் தம்பி ஸெனோன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும், செஸ்டோஹோவாவில் மாதா கிருபையால் எல்லோரும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். “இனிமே என் முகத்துல முழிக்காதே” என்று சொல்லி நீங்கள் தொலைபேசியை வைத்துவிட்டதால் எழுத வேண்டியதாயிற்று.

நேற்றைய செய்தியில், வானவில் கொடியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கத்தியபடி ஓடிய கிழவன் நான்தான். மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கொடிக்குள் லூட்விக் கிடந்தார். அதை அந்த டிவி கேமராக்காரப் படுபாவி படம்பிடிக்கவில்லை. என் பக்கத்து வீட்டு லூட்விக்தான். ஈஸ்டருக்கு என்னோடு வந்து உங்கள் பீட்ரூட் சூப்பில் உப்பில்லை என்பாரே, அவர்.

நாங்கள் போனது பழைய நெசவாலைக்கு. அதை அருங்காட்சியகமாக்கி, மதியத்தில் ஒரு தறியை ஓட்டிக் காட்டுகிறார்கள். லூட்விக் அங்கே சாயப் பிரிவில் வேலை பார்த்தவர். “சத்தம் பத்தலை, இது தறியா, தையல் மிஷினா?” என்று வழிகாட்டிப் பெண்ணிடம் சண்டை பிடித்துவிட்டு வெளியே வந்தால், வலப்பக்கமிருந்து மேளதாளத்தோடு அந்த வானவில் கொடிக்காரர்களின் ஊர்வலம் வருகிறது, இடப்பக்கம் அவர்களை எதிர்க்கும் மொட்டைத்தலைப் பயல்கள் முட்டை வீசிக் கத்துகிறார்கள், நடுவில் கேடயத்தோடு போலீஸ், நாங்கள் போலீஸுக்கு முன்னால், என் தொப்பியில் ஒரு முட்டை, திரும்பிப் பார்க்கிறேன், லூட்விக் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார். உதடு நீலம்.

ஊர்வலத்திலிருந்து ஓர் ஆள் ஓடிவந்தான். கோபுரம் மாதிரிப் பொய்க்கூந்தல், ஒரு முழக் குதிகால் செருப்பு, கன்னமெல்லாம் ஜிகினா. “தாத்தா, பேசாதீங்க, மூச்சை மட்டும் விடுங்க.”

லூட்விக் கண்ணைத் திறந்து பார்த்தார். “செத்துட்டேனா?”

“இன்னும் இல்லை. செத்தா இதைவிட நல்லா உடுத்திட்டு வருவேன்.”

ஆம்புலன்ஸ் மொட்டைகளுக்குப் பின்னால், டிராம் நிறுத்தத்தில் மாட்டிக்கொண்டது. ஸ்ட்ரெச்சர் வர வழியில்லை. உடனே அந்தப் பெரிய கொடியை விரித்து லூட்விக்கைக் கிடத்தினார்கள். நான் ஒரு முனையைப் பிடித்தேன். நாங்கள் நெருங்க, போலீஸ் விலகியது. எதிரே மொட்டைகள் அசையவில்லை.

“வழி விடுங்கடா! மனுசன் சாகறான்!” என்று கத்தினேன். நீங்கள் பார்த்தது அந்த வாய்தான்.

யாரும் நகரவில்லை. என் கை நழுவியது. அப்போது அவர்களில் தடியன் ஒருவன் முன்னால் வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். “கிழவா, சரியாப் பிடி, தலை தொங்குது பாரு” என்று என் பக்கத்து முனையைப் பிடித்தவன், தன் ஆட்களை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டே போனான். பொய்க்கூந்தல்காரன், “நன்றி அழகா” என்றான். “வாயை மூடுடா” என்றான் தடியன். படத்தில் அவன் முகம் விழவில்லை. கொடுத்துவைத்தவன்!

லூட்விக் பிழைத்துவிட்டார். காலையில் மருத்துவமனைக் கஞ்சியைத் திட்டினார். எனக்கு உயிர் வந்தது. ஆகவே அக்கா, நான் கட்சி மாறவில்லை, ஊர்வலம் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆபத்து, உதவினேன், அவ்வளவுதான். ஜெபக்கூட்டத்துப் பெண்களிடம் இதைத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். மாதா உங்களையும் உங்கள் முழங்கால்களையும் காக்கட்டும்.

கீழ்ப்படிதலுள்ள தம்பி,
ஸெனோன்

பி.கு.: தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் சொந்தக்காரர்களை மட்டும்தான் விடுவார்கள். “நீங்க அவருக்கு என்ன வேணும்?” என்று செவிலி கேட்டாள். பக்கத்து வீடு என்று சொல்ல வாயெடுத்தேன். உங்களிடம் முப்பது வருஷமாக அதைத்தானே சொல்கிறேன். நேற்று அது வாயில் வரவில்லை அக்கா. “எனக்கு இருக்கறது அவர், அவருக்கு இருக்கறது நான்” என்றேன். உள்ளே விட்டாள். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் வரலாமா என்று எழுதுங்கள். இந்தமுறை ஒரே அறை போதும்.