தேங்காய் காட்டிய கிணறு

வருகிறார், வருகிறார், ஜலசித்தர் சிங்காரம் வருகிறார்! உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைப்பாராம். பூமிக்கடியில் நீரோட்டம் இருந்தால் அது தானாகவே எழுந்து நிற்குமாம். ஜவ்வாது மலையில் மேல்கொல்லை ஊரே திரண்டு வழியில் நின்றது. அவரைக் கூட்டி வந்தவர் யாரோ பூசாரி என்று நினைத்துவிடாதீர்கள். பட்டம் படித்த பஞ்சாயத்து யூனியன் கமிஷனர். அதுவும் சர்க்கார் ஜீப்பில்!

ஊருக்கு ஒரே ஒரு சர்க்கார் கிணறு கிடைத்திருந்தது. எங்கே வெட்டுவது? வேலூர் எஞ்சினீயர் வந்து பார்த்து, ஓடைக்கரையில் முதலில் சோதனைக் குழிகள் போடச் சொல்லியிருந்தார். குழி வெட்ட நாளாகும்; தேங்காய்க்கு நிமிஷம் போதும். கமிஷனர் தேங்காயின் பக்கம் சாய்ந்தார்.

ஊராரும் லேசுப்பட்டவர்கள் அல்ல. தேங்காய் தங்கள் வாசலில் நிற்கட்டும் என்று வீட்டுக்கு வீடு ரகசியமாக ஒரு கோழியைச் சித்தரிடம் சேர்த்தார்கள். ஊருக்குள் கூவ வேண்டிய சேவலெல்லாம் ஜீப்புக்குள் கூவின. தினமும் பள்ளத்தில் இறங்கி ஊற்றுத் தண்ணீர் சுமக்கும் பாஞ்சாலியிடம் கோழி இல்லை. அதனால் அவளுக்கு மட்டும் புத்தி தெளிவாக இருந்தது.

தேங்காய் நின்றது. எங்கே? சாமைக் கதிர் அறுத்துக் காய்ந்த வைக்கோல் தாள் கிடந்த பஞ்சாயத்துத் தலைவர் குப்பனின் நிலத்தில். குப்பன் கொடுத்தது ஆடு.

பாஞ்சாலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அவரு வேலிக்குள்ள கெணறு வெட்டுனா நாங்க எப்பிடி மொள்றது? இன்னொரு வாட்டி பாருங்க சாமி!"

தோல் பதனிடக் கடுக்காய் வாங்க வந்திருந்த வாணியம்பாடித் தோல் வியாபாரி உஸ்மான் சிரித்தார். "சரிதாங்க சார். மூட்டைக்கு மேல இருக்கிற கடுக்காய மட்டும் பாத்து நான் வாங்க மாட்டேன், கொட்டிப் பாப்பேன். இவரு கண்ணக் கட்டி நடக்க வுடுங்க. தண்ணி எங்க ஓடிடப் போவுது?"

சித்தர் முகம் வெளுத்தது. "கண்ணக் கட்டினா கங்கம்மா கோச்சுக்குவா!"

"தண்ணி பாக்குறது நீயா, தேங்காயா?" என்றாள் பாஞ்சாலி. "அதுக்குத்தான் மூணு கண்ணு இருக்குதே, உன்னுது ரெண்டு இன்னாத்துக்கு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கோழி பறிகொடுத்தவர்களே துண்டை இறுக்கிக் கட்டினார்கள். உஸ்மான் கையைப் பிடித்து நடத்தினார். குப்பன் நிலத்தில் தாளை வாரிவிட்டு, அதே இடத்தை இரண்டு தரம் மிதிக்க வைத்தும் தேங்காய் தூங்கியது. அடுத்து, கதிரடிக்கும் களம். காலடியில் தாள் சரசரத்ததும் சித்தருக்குக் குப்பன் நிலம் வந்துவிட்டதாக நினைப்பு. கட்டைவிரல் மெல்ல நெம்ப, தேங்காய் விறைப்பாக எழுந்தது.

"இங்கதான்! கங்கம்மா பொங்குறா!"

பாஞ்சாலி காலால் தாளை ஒதுக்கினாள். அடியில் யானை முதுகு போல ஒரே பாறை.

"பொங்கட்டும். நான் கொடத்தோட குந்தியிருக்கேன்."

துண்டை அவிழ்த்த சித்தர் ஜீப்பைத் தேடினார். அதற்குள் கோழிகளை ஊரார் இறக்கிவிட்டிருந்தார்கள்.

அவமானப்பட்ட கமிஷனர் கத்தினார். "இனிமே எந்த நிபுணரையும் நம்பப் போறதில்ல!"

"அய்ய, யாரு சார் அப்பிடிச் சொன்னது?" என்றாள் பாஞ்சாலி. "எஞ்சினீரு, என்னை நம்புன்னா சொன்னாரு? குழி தோண்டிப் பாருன்னு தானே சொன்னாரு. தப்பா இருந்தா குழியே காட்டிக் குடுத்துடும்."

ஓடைக்கரையில் தோண்டினார்கள். முதல் குழி வறண்டு கிடந்தது. அடுத்ததில் தண்ணீர் ஊறியது. அங்கேயே கிணறு வெட்டினார்கள். பாஞ்சாலி பள்ளத்தில் இறங்குவது நின்றது.

கிணற்றைத் திறந்து வைக்கக் கமிஷனர் வந்தார். ஜோசியரிடம் நல்ல நேரம் கேட்டுக்கொண்டுதான் வந்தாராம்! மண்ணில் தண்ணீர் ஊறிவிட்டது. படித்த மண்டையில் புத்தி ஊற எங்கே தோண்டுவது? நீங்களே யோசியுங்கள் ஐயா. அதற்கும் ஒரு தேங்காயைத் தேடிக்கொண்டு போகாதீர்கள்!