ஏணியோடு போன லெஸ்டர்

மதிப்பிற்குரிய மைத்துனர் ட்வைட் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் மனைவியும் இரண்டு பூனைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் வீட்டுக் கூரை ஒழுகாது என்றும் நம்புகிறேன். என்னுடையது ஒழுகுகிறது. காரணம் தாங்கள்தான். இத்துடன் மரியாதை முடிந்தது, இனி நீதான்.

தேங்க்ஸ்கிவிங் விருந்தில் வான்கோழிக் காலைக் கையில் பிடித்துக்கொண்டு நீ என்ன சொன்னாய்? "வெர்னன், வெளியாளைக் கூப்பிட்டு வேலை வாங்கி வருஷத்துக்கு அறுநூறு டாலருக்கு மேல குடுத்தா, அவன் வரி நம்பரை எழுதி வாங்கிக்க. வருஷம் முடிஞ்சதும் அரசாங்கத்துக்குப் பேப்பர் அனுப்பணும். இல்லேன்னா அபராதம் உனக்குத்தான்" என்றாய். நாலு ஊருக்கு வரிக் கணக்கு எழுதுகிறவன் சொல்கிறானே என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

போன மாதம் என் கார் ஷெட்டின் கூரையைப் பிரித்து மாற்ற லெஸ்டர் வந்தான். முப்பது வருடமாக வியாழக்கிழமைதோறும் என்னோடு பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆடுகிற லெஸ்டர். பாதிக் கூரையைப் பிரித்திருந்தான். நான் அந்த வரி நம்பர் படிவத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏணியில் ஏறி அவனிடம் நீட்டினேன்.

"என்னடா இது? என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உன் மேல இருக்கு லெஸ்டர். ட்வைட் மேல பயம்."

"அப்ப அந்த ட்வைட்டையே வந்து ஓட்டையை அடைக்கச் சொல்லு" என்று இறங்கிப் போய்விட்டான். ஏணியையும் எடுத்துக்கொண்டு. நான் கூரையில். ஒரு மணி நேரம் கத்திய பிறகுதான் ஷெட்டுக்கு மேல் அறையிலிருக்கும் பெக்கி விழித்து, பக்கத்து வீட்டு ஏணியைக் கொண்டுவந்து இறக்கினாள். பதினோரு வருடமாக ஒன்றாம் தேதி தவறாமல் உன் தங்கை லார்னாவின் பிஸ்கட் டின்னில் வாடகையைப் பணமாகப் போடுகிற தங்கமான நர்ஸ் அவள். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, பகலில் குடை பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். அடுத்த மழைக்குள் கூரை வராவிட்டால் காலி செய்துவிடுவாளாம்.

வேறு யாரும் வருவதில்லை. ஊரில் என் பெயர் இப்போது வருமானவரி வெர்னன். புல் வெட்டுகிறவள்கூட என் வீட்டைத் தாண்டும்போது வேகமாக ஓட்டுகிறாள். லெஸ்டர் வேறு அணிக்குப் போய்விட்டான். வியாழக்கிழமை வந்தால் பந்தைத் துடைத்துவிட்டு மறுபடி பையிலேயே வைக்கிறேன். அது எனக்கு வலிக்கிறது, ட்வைட்.

நேற்று வரி அலுவலகத்துக்கே போன் போட்டேன். ஒரு மணி நாற்பது நிமிடம் காத்திருக்கச் சொல்லிப் போட்ட பியானோ இசையைக் கேட்ட பிறகு ஒரு பெண்மணி வந்தாள். "நீங்க குடியிருக்கிற சொந்த வீடுதானே சார்?"

"ஆமாம்மா, நாப்பது வருஷமா."

"அப்ப நீங்க எந்தப் பேப்பரும் அனுப்ப வேண்டாம். யார் சொன்னது உங்களுக்கு?"

யார் சொன்னது! உன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அதோடு விடப்போவதில்லை. இந்தக் கடிதத்தின் நகலையும் என் கையெழுத்தோடு அவர்களுக்கு அனுப்புகிறேன். வாசல் தபால் பெட்டியில் வைத்துச் சிவப்புக் கொடியை நிமிர்த்திவிடுவேன். தபால்காரர் எடுத்துக்கொண்டு கொடியை இறக்கிவிட்டால் எனக்குச் சோறு இறங்கும். ஈஸ்டருக்கு இந்தப் பக்கம் வராதே. பூனைகளுக்கு மட்டும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
வெர்னன் டட்டில்
மேப்பிள் ஃபோர்க், ஒஹாயோ

பின்குறிப்பு: நகலைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். உன் தங்கை லார்னா இதை வாங்கிப் படித்தாள். "அந்தக் கூரை உன் தலைக்கு மேலயா இருக்கு? பெக்கி தலைக்கு மேல. வாடகைக்கு விட்ட இடம்னாதான் பேப்பர் அனுப்பணும்னு ட்வைட் அன்னிக்கே சொன்னான். நீ டிவியில மேட்ச் பாத்துக்கிட்டு இருந்தே. ஆமா, பதினோரு வருஷ வாடகையை என்னிக்காவது வரிக் கணக்குல காட்டினியா?" என்று கேட்டாள். காட்டவில்லை, ட்வைட். அது பிஸ்கட் டின் பணம் என்றே நினைத்திருந்தேன். நகலிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. ஈஸ்டர் வரை காத்திருக்காமல் இன்றே கிளம்பி வா. நகலை எடுத்துவர லார்னா செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடியிருக்கிறாள். இதோ, அங்கிருந்து கத்துகிறாள்: "வெர்னன், கொடி இறங்கியிருக்கு!"