கிருஷ்ணப்பனின் விண்வெளித் தூக்கம்

கையை என்ன செய்வது என்றுதான் கிருஷ்ணப்பனுக்குத் தெரியவில்லை.

மற்றதெல்லாம் சரியாக அமைந்துவிட்டது. புளிக் கிடங்கின் கடைசி மூட்டை வரிசைக்குப் பின்னால், இரும்புத் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். காலிலிருந்து மார்புவரை ஒரு புதுச் சாக்கு. அதற்கு மேல் தூணோடு சேர்த்து, லாரியில் மூட்டை கட்டும் பட்டை. அந்தப் பட்டை ஏற்கெனவே தூணில் சரியாக மார்பு உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

விண்வெளியில் தூங்குகிறவர்களுக்குக் கை தானாக முன்னால் மிதக்குமாம். பாப்பிரெட்டிப்பட்டியில் அது கீழேதான் தொங்கியது. தோள்பட்டை வலித்தது.

காலையில் மகள் பூவிழிதான் பள்ளிக்கூடப் பாடத்தைச் சத்தமாகப் படித்தாள்.

"அப்பா, ராக்கெட்ல போறவங்க படுக்கவும் மாட்டாங்களாம், உக்காரவும் மாட்டாங்களாம். பைக்குள்ள பூந்து, செவுத்துல கட்டிக்கிட்டுத் தூங்குவாங்களாம்."

"இன்னொருக்கா படி, கண்ணு," என்றார் கிருஷ்ணப்பன்.

மகளின் படிப்பில் அவர் அக்கறை காட்டியது அன்றுதான். மனைவி யுவராணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

காரணம் இருந்தது. மதியம் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் உள்ளே போனால் அவருக்குக் கண் சொக்கிவிடும். எடை மேடைக்குப் பக்கத்தில் நாற்காலியில் தூங்கி, மேலாளர் மாதவராஜிடம் இரண்டு தடவை மாட்டியாகிவிட்டது.

"உக்காந்து தூங்குனாலும் சரி, படுத்துத் தூங்குனாலும் சரி, அடுத்த தடவ நேரா வூட்டுக்குத்தான்," என்று மாதவராஜ் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குப் போவதில் கிருஷ்ணப்பனுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் யுவராணியின் அண்ணன். அவர் முகத்தில் எப்படி விழிப்பது? இதற்கு முன் வாங்கிக் கொடுத்த வேலையும் தூங்கித்தான் போயிற்று.

மாதவராஜைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். சாப்பிட்ட கையோடு சரக்குப் பார்க்கக் கிடங்குக்குள் போவார். முகம் தெளிந்து, அப்போதுதான் குளித்தவர் மாதிரி திரும்பி வருவார். மனிதன் என்றால் அப்படி இருக்க வேண்டும். தானும் ஒரு பிறவி என்று கிருஷ்ணப்பன் தன்னையே நொந்துகொள்வார்.

ஆனால் நின்றுகொண்டு தூங்கக் கூடாது என்று மேலாளர் சொல்லவில்லையே. இன்றைக்கு அவர் நல்லம்பள்ளிக்கு வேறு போயிருக்கிறார். சாயங்காலம்தான் வருவார்.

கை தொங்காமல் இருக்க, துண்டைக் கழுத்தில் தூளி கட்டி இரண்டு கையையும் அதில் போட்டார். இப்போது வியர்த்தது. விண்வெளியில் காற்றாடி இல்லாவிட்டால் விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே நிற்கும் என்று மகள் படித்தது நினைவுக்கு வந்தது. பட்டையை அவிழ்த்து, சாக்கிலிருந்து வெளியே வந்தார். தூணுக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை விசிறி இருந்தது. அதைப் போட்டதும், கிடங்கிலிருந்த புளித் தூசி அத்தனையும் எழுந்து மூக்குக்குள் போனது. தும்மித் தும்மிக் கண்ணில் நீர் வந்தது.

கழுத்துத் துண்டை எடுத்து மூக்கில் கட்டினார். விசிறி லொடலொடவென்று சத்தம் போட்டது. காதையும் சேர்த்துக் கட்டினார். ஜன்னல் வெயில் கண்ணில் அடித்தது. கண்ணையும் சேர்த்தே சுற்றிக்கொண்டு, மறுபடி சாக்குக்குள் புகுந்து, தடவித் தடவிப் பட்டையை இறுக்கினார். துண்டு தலைக்குப் போய்விட்டதால் கை மறுபடியும் தொங்கியது. யோசித்து, இரண்டு கையையும் பட்டைக்கு அடியில் சாக்குக்குள் செருகினார்.

ஆகா, சுகம். இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு புளி எடை போடுகிறோமே என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

அப்போது மூக்கு அரித்தது. உள்ளே போன கை வெளியே வரவில்லை. முழங்கை பட்டையில் மாட்டிக்கொண்டது. திமிறினார். பட்டை இன்னும் இறுகியது. கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை. ராக்கெட்டில் போகிறவர்களுக்குக் கூடவே ஆள் இருப்பார்கள் என்ற விஷயம் அப்போதுதான் உறைத்தது.

யாரோ தோளைத் தொட்டார்கள்.

"மேனேஜருங்களா?" என்றார் கிருஷ்ணப்பன். "சாக்குல ஓட்ட கீட்ட இருக்குதான்னு பாக்கறனுங்க. உள்ள பூந்து பாத்தாத்தானுங்க தெரியும்."

தொட்ட கை தலைத் துண்டின் முடிச்சைத் தேடியது.

"சரிங்க, பொய் சொல்லல. தூங்கத்தான் வந்தேன். வேலைய மட்டும் எடுத்துறாதீங்க. என் மச்சான் மூஞ்சியில முழிக்க முடியாதுங்க."

துண்டு மெல்ல அவிழ்ந்தது. எதிரே மூட்டை தூக்கும் முனிராஜ், வெல்வெட் துணியில் தைத்த ஆளுயரச் சாக்கு ஒன்றைக் கக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"நீதானா," என்று கிருஷ்ணப்பன் பெருமூச்சு விட்டார். "முனிராஜு, உன்னக் கும்புட்டுக்கறேன். மேனேஜர்கிட்ட மட்டும் சொல்லிராத."

"சொல்ல மாட்டனுங்க." முனிராஜ் அவசர அவசரமாகப் பட்டையைத் தளர்த்தினான். "ஆனா சட்டுனு வெளிய வாங்க சார். அவரு சீக்கிரமே வந்துட்டாரு."

"இங்கதான் வர்றாரா? சரக்குப் பாக்கவா?"

"சரக்காவது ஒண்ணாவது. இது அவரு தூணுங்க சார். தெனமும் நான்தான் கட்டி வுடறேன்."