தாய்மாமன் சைக்கிளில் மலையேறிய நாள்

ஒரு காணொளியை மூன்று முறை பார்த்துவிட்டால் அந்த வேலை தனக்குக் கைவந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் சிலர் உண்டு. நான் அந்தக் கூட்டத்தின் நிரந்தர உறுப்பினன். மிக்ஸியைப் பிரித்து மாட்டியிருக்கிறேன்; மாட்டிய பிறகு அது சுற்றவில்லை, முனகியது. குழாய்க்கு வாஷர் மாற்றி இரண்டு நாள் தெருவுக்கே தண்ணீர் விட்டிருக்கிறேன். இவற்றையெல்லாம் வீட்டில் மன்னித்துவிட்டார்கள். சைக்கிளை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. திருத்தணியிலிருந்து தினமும் மின்ரயிலில் சென்னைக்குப் போய், அலுவலகத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மறுபடி மின்ரயிலில் (இடம் கிடைத்தால்) உட்கார்ந்து வீடு திரும்புகிற பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் களைப்புக்காகப் படுத்துக்கொள்வேன். டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பதில் எனக்கென்று ஒரு பெருமையும் இருப்பதாகத் தெரியவில்லை. வெளிநாடு கிளம்பிய அலுவலக நண்பர் ஒருவர் தன் ரோடு பைக்கை விற்றபோது வாங்கிக்கொண்டேன்.

வளைந்த கைப்பிடி, விரல் தடிமனில் டயர், பின்சக்கரத்தில் அடுக்காகப் பதினோரு பல்சக்கரங்கள். கைப்பிடியில் உள்ள லீவரைத் தட்டினால், டீரெய்லர் என்கிற சின்னக் கை ஒன்று சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும். தள்ள வேண்டும். மேடு ஏறுவதற்கென்றே இருக்கிற பெரிய பல்சக்கரத்தின் பக்கம் என் சங்கிலி தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அதற்குக் கீழேயே நின்று நறநறவென்று பல்லைக் கடித்தது.

என் அக்கா சுமதியின் கணவர், எங்கள் பாவா, சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். நகரி பக்கத்து மனிதர். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "நான் ஒரு வாட்டி பாக்கட்டா மச்சான்?" என்றார்.

"இது கரும்பு மிஷின் இல்ல பாவா. கொஞ்சம் நுணுக்கமான ஐட்டம்" என்றேன்.

அவர் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரமே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வேலையைத் தொடங்கினேன். டீரெய்லரின் முதுகில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னத் திருகாணிகள் இருந்தன. ஒன்றில் எச் என்றும் மற்றதில் எல் என்றும் எழுதியிருந்தது. காணொளியில் ஒரு வெள்ளைக்காரர் இவற்றைப் பற்றி நிறையப் பேசினார். பேச்சு என்பதால் அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். எல் என்றால் லூஸ் என்று நானே முடிவு செய்தேன். எச் என்றால் என்னவென்று தெரியவில்லை, அதனால் தொடவில்லை. (அவ்வளவு விவேகம் இருந்தது.) முதலில் கியர் ஒயரை இழுத்துக் கட்டினேன். சங்கிலி கடைசிப் பல்சக்கரத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. எல் திருகாணியை ஒரு சுற்று தளர்த்தினேன். பிறகு இன்னொன்று. நான்காவது சுற்றில் சங்கிலி பெரிய பல்சக்கரத்தில் பூப்போல ஏறி உட்கார்ந்தது. ஆனந்தத்தில், மெக்கானிக் கடையில் கேட்டு வாங்கியிருந்த பழைய இன்ஜின் ஆயிலைச் சங்கிலி முழுக்க அபிஷேகம் செய்தேன்.

இதற்குள் அக்கா மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்தும் நாள் வந்துவிட்டது. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. முருகனுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை. மலைமேல் முடி இறக்குவதாக அக்கா நேர்ந்திருந்தாள். சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தியாக வேண்டும். தோடு தாய்மாமன் கொண்டுவருவது. அந்தத் தாய்மாமன் நான். ஒரே தாய்மாமன்.

எல்லோரும் வேனில் கிளம்பினார்கள். நான் சைக்கிளில் வருவதாகச் சொன்னேன்.

"இன்னாத்துக்கு?" என்றாள் அக்கா.

"மலைப் பாதையில ஒரு டெஸ்ட்."

"இன்னிக்கா?"

வேன் மேலே போய்ச் சேர்ந்து ஆட்கள் இறங்குவதற்குள் நான் ஹெல்மெட்டோடு வந்து நிற்பேன், உறவினர்கள் வாய் பிளப்பார்கள் என்பது என் திட்டம். வேட்டி சட்டையை மனைவி தேவியிடம் கொடுத்தனுப்பிவிட்டு, உடம்போடு ஒட்டிய கறுப்பு ட்ரவுசரும் பளீர் மஞ்சள் பனியனுமாகப் புறப்பட்டேன். பனியனின் முதுகில் தைத்திருந்த பையில் தோட்டுப் பெட்டி பத்திரமாக இருந்தது.

மலைப் பாதையின் முதல் வளைவுவரை எல்லாம் சரியாக நடந்தது. இரண்டாவது வளைவில் மூச்சு வாங்கியது. முருகா என்று சொல்லி லீவரைத் தட்டினேன். சங்கிலி பெரிய பல்சக்கரத்தில் ஏறியது. ஏறி, அங்கே நிற்காமல் அதையும் தாண்டி, பல்சக்கரத்துக்கும் சக்கரக் கம்பிகளுக்கும் நடுவில் போய் விழுந்தது. அதைப் பின்தொடர்ந்து டீரெய்லரும் கம்பிகளுக்குள் நுழைந்தது. கரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். சக்கரம் அப்படியே நின்றது. நான் மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தேன்.

எழுந்து பார்த்தபோது டீரெய்லர் அதன் பிடியோடு முறிந்து, கம்பிகளுக்குள் பின்னிக்கொண்டு கிடந்தது. பத்து நிமிடம் இழுத்தேன். இன்ஜின் ஆயில் முழங்கைவரை ஏறியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. கைக்கடிகாரத்தில் மணி எட்டு முப்பத்தைந்து. செல்போன் வேட்டியோடு வேனில் போயிருந்தது. பின்சக்கரம் சுற்றாததால் தள்ளிக்கொண்டும் போக முடியாது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். டாக்டர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பின்னால் ஒரு மொபெட் முக்கிக்கொண்டு வந்து நின்றது. முன்பக்கம் இரண்டு கூடை பூ. ஓட்டி வந்தது ஐம்பது வயதுப் பூக்கார அம்மா.

"இன்னா சார், வண்டி புட்டுகிச்சா?"

"ஆங். மேல காதுகுத்து. நான் தாய்மாமன்."

அந்த அம்மா என் ட்ரவுசரை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. இருந்தாலும், "ஏறு. சைக்கிள தோள்லயே வெச்சிக்கோ. பூவு மேல மட்டும் கைய வெச்சிடாத, உன் கையி பேய்க் கறுப்பா கீது" என்றார்.

சைக்கிளை மாட்டிக்கொண்டு மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போகிறவன் எப்படி இருப்பான் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. எதிரே வந்த காரில் இருந்தவர்கள் செல்போனை எடுத்தார்கள். வண்டி மேட்டில் திணறியது. "கொஞ்சம் எக்கி உக்காரு சார், பாரம் பின்னால இழுக்குது" என்றார் அந்த அம்மா. நான் எங்கே எக்குவது?

மேலே போய் இறங்கியபோது எட்டு ஐம்பது. பிள்ளைக்கு மொட்டை போட்டு, தலை முழுக்கச் சந்தனம் பூசி முடித்திருந்தார்கள். நான் வராததால் அதைப் பாவாவே மடியில் வைத்து முடித்துவிட்டார். காது குத்தும் ஆசாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"தோடு?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். பெட்டியிலும் கறுப்பு. தேவி ஓடிவந்து ட்ரவுசருக்கு மேலேயே வேட்டியைச் சுற்றினாள். "கை கழுவணும்" என்றேன்.

"டைம் இல்ல, உக்காருங்க" என்றார் ஆசாரி.

பிள்ளை மடிக்கு வந்தது. என் ஹெல்மெட்டைப் பார்த்தே அழ ஆரம்பித்தது. "தலைய ஆடாம புடிங்க, நல்லா இறுக்கி" என்றார் ஆசாரி. இரண்டு கையாலும் பிடித்தேன். ஒரு காது. ஒரு அலறல். அடுத்த காது. அதைவிடப் பெரிய அலறல். ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது முடிந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். நான் கையை எடுத்தேன்.

மஞ்சள் சந்தனத் தலையில், இந்தப் பக்கம் ஐந்தும் அந்தப் பக்கம் ஐந்துமாக என் பத்து விரல்கள் கன்னங்கரேல் என்று பதிந்திருந்தன. ரேகைகூடத் தெரிந்தது. போட்டோக்காரர் நிதானமாக நான்கு படம் எடுத்தார்.

அப்போது பக்கத்தில் மொட்டைக் குழந்தையோடு நின்றிருந்த ஆந்திரப் பெண்மணி ஒருவர் அக்காவிடம் வந்து, தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார்: "அம்மா, இது திஷ்டிக்கா? உங்க பக்கம் மேனமாமாதான் வெக்கணுமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். கூடியிருந்த சொந்தக்காரர்களைப் பார்த்தாள். "ஆங், எங்க பக்கம் இதான் வழக்கம்" என்றாள், குரல் கொஞ்சமும் பிசகாமல்.

"எங்க பாப்பாவுக்கு மாமா இல்ல. இவரையே வெக்கச் சொல்றீங்களா?"

அக்கா என்னைப் பார்த்து ஒரு தலையசைப்புச் செய்தாள். மறுக்கிற நிலைமையிலா இருந்தேன்? முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துக் குழந்தையின் சந்தனத் தலையில் கட்டைவிரலைப் பதித்து ஆசீர்வாதம் செய்தேன். அவர்கள் வெற்றிலை பாக்கோடு ஒரு வாழைப்பழமும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நின்றதும் திட்ட ஆரம்பித்தாள். அது கீழே இறங்குகிறவரை நிற்கவில்லை.

வேன் நிறுத்துமிடத்தில் பாவா சைக்கிளைக் குனிந்து பார்த்தார். "எத திருப்புன?"

"எல்."

"அது வேலி மச்சான். சங்கிலி கம்பிப் பக்கம் தாண்டிப் பூடக் கூடாதுன்னு போட்ட வேலி. நீ வேலியப் புடுங்கிட்ட." ஒயர் வந்து சேருகிற இடத்தில் இருந்த சின்ன உருளைத் திருகைக் காட்டினார். "மொதல்ல ஒயருதான் கொஞ்சம் தொங்கிகினு இருந்திருக்கும். இத அர சுத்து வெச்சிருந்தா முடிஞ்சிருக்கும்." புதுப் பிடியும் டீரெய்லரும் வாங்கிவந்து பாவாவே சைக்கிளைச் சரிசெய்து கொடுத்தார். நான் தொடவில்லை. இப்போதும் ஓட்டுகிறேன், சமதளத்தில்.

போன மாதம் அக்காவின் இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து. காலை ஐந்தரை மணிக்கே வேன் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. பாவா இறங்கி வந்தார். நான் குளித்து, வேட்டி கட்டி, தயாராகத்தான் இருந்தேன்.

"கைய நீட்டு மச்சான்" என்றார்.

வேனுக்குள் அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாதாடத் தெம்பில்லை. இரண்டு கையையும் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேனைப் பார்த்து, "சுத்தமா கீது" என்று அறிவித்தார்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "நகத்துல?"