எல்லை தாண்டாத குடை

மச்சினன் அனுப்பிய குடை நான்காம் நாளே மேலாளர் வீட்டுக்கு வந்துவிட்டது. மேலாளர் அனுப்பிய குடை பத்து நாளாகியும் அவருடைய அலுவலகத்தை விட்டே கிளம்பவில்லை.

வம்பை விலைக்கு வாங்கியவர் அவர்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஏற்றுமதி அனுமதி அலுவலகத்தில் மச்சினன். இந்தப் பக்கம் அதே வேலையில் இவர். போன மாதம் மொத்தக் குடும்பமும் சாப்பாட்டு மேசையில் இருந்தபோது சீண்டினார்.

"உங்க ஊர்ல ஒரு பெட்டி வெளிய போக எத்தனை நாள் மாப்ளே?"

"மூணு நாள் மச்சான்."

"இங்க ரெண்டே நாள். கணக்கெடுத்து என் அறையில சட்டம் போட்டே மாட்டியிருக்கு."

ஆளுக்கொரு குடையை ஒரே திங்கட்கிழமை அனுப்பிப் பார்ப்பது, தோற்றவர் அதே மேசையில் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்வது என்று முடிவானது.

செவ்வாய்க்கிழமை மேலாளர் எட்டிப் பார்த்தார். குடை வரிசையில் மூன்றாவதாக இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். சிவப்பு மையில் 'அவசரம்' என்று எழுதினார்.

"அவசரம்னா தனி அலமாரி சார். வாரத்துக்கு ஒரு தடவைதான் திறக்கலாம்," என்றார் எழுத்தர்.

"எவன் போட்ட உத்தரவு?"

"நீங்கதான் சார்."

சரியென்று ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். சிபாரிசு வந்த சரக்கை இரண்டு பேர் பிரித்துப் பார்க்க வேண்டுமாம். அதுவும் அவர் உத்தரவுதான். பிரித்தார்கள், குடைக்கம்பி ஒன்று உடைந்தது. கோபத்தில் எல்லோரிடமும் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். விளக்கம் வரும்வரை சரக்கை அசைக்கக் கூடாது என்று சட்டம் பேசினார் எழுத்தர். அது யார் போட்ட சட்டம் என்று மேலாளர் கேட்கவில்லை.

வெளியே அடைமழை. மனைவி, தன் தம்பி அனுப்பிய குடையை விரித்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

"நல்ல குடைங்க. நீங்களும் வாங்களேன்."

"எனக்கு வேண்டாம்."

நனைந்துகொண்டே அலுவலகம் போனார். ஆறு மாதத்துக்கு முன்பு கத்தி வைத்த முழங்கால் ஈரத்தில் விண்விண்ணென்று தெறித்தது. அதைவிட வெட்கம்தான் அதிகம் வலித்தது. முப்பது வருடம் மிடுக்காக நடந்த வராந்தாவில் தலை குனிந்தபடியே நடந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை, மறுநாள் மச்சினன் வருவதாகத் தகவல் வந்தது. மேலாளர் நாற்காலியில் ஏறி, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அட்டையைக் கழற்றினார். 'சராசரி அனுமதி: இரண்டு நாள்.'

முத்திரை குத்தும் அம்மாள் ஓடிவந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்கு சார் கழட்றீங்க?"

"இந்தப் பொய்யைக் காட்டித்தான் என் மானம் போச்சு. நாளைக்கு மாப்ளே முகத்துல எப்படி முழிப்பேன்?"

"பொய் இல்ல சார். ஒரு மாசம் முழுக்க ஒவ்வொரு பெட்டியா நானே எண்ணி எழுதினது. மூணு நாளுக்கு மேல ஒண்ணுகூட இங்க நிக்கல."

"அப்புறம் என் குடை மட்டும் ஏம்மா போகல?"

அவள் கையிலிருந்த மையை முந்தானையில் துடைத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று எழுத்தரைப் பார்த்தாள். அவர் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"அது, நீங்க முழங்கால் ஆபரேஷனுக்கு லீவுல இருந்த மாசம் சார்."