சவுண்டுக்கு டிரைவர் இல்லை

அன்று நடந்ததில் என் தவறு எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். (இதைச் சொல்லும்போது சிரிக்காத ஒரே ஆள் நான்தான்.)

கடையில் போட்டுத் தருகிற இயங்குதளத்தை அப்படியே பயன்படுத்துவது எனக்கு அவமானமாகப் பட்ட வயது. நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கம்ப்யூட்டர் படித்தவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிர் வேறு. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் மூலநிரலோடு கிடைக்கும் இயங்குதளம் ஒன்றை இறக்கி, என் கையாலேயே கட்டத் தொடங்கினேன். எந்தப் பகுதி வேண்டும், எது வேண்டாம் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். பாரம் குறையட்டும் என்று தாராளமாக வெட்டித் தள்ளினேன். மடிக்கணினி அடுப்பாய்க் கொதித்தது. ஜன்னலைத் திறந்து பனியைக் காட்டினேன். திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன.

"என்னடா, வாந்தி எடுக்கிற மாதிரி கொட்டுது? யாருக்கிட்டயாவது காட்டு" என்றார் அம்மா. சொல்லிவிட்டு ரைஸ் குக்கரைப் போட்டார். எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்க மின்சாரம் போனது. பேட்டரி செத்த கணினி. மறுபடி முதலிலிருந்து!

ஒருவழியாகக் கட்டி முடித்து, பழையதை அழித்து, புதியதைப் போட்டேன். அந்தப் பெருமையோடு மாரியம்மன் திருவிழாவுக்குப் போனேன். கோயில் பாட்டெல்லாம் என் கணினியில்தான். ஒலிபெருக்கிக்கும் நான்தான் பொறுப்பு. சாமி புறப்படும் நேரம் பாட்டைத் தட்டினேன். பாட்டு ஓடியது. சத்தம் வரவில்லை.

பிழைச் செய்திகளைத் துழாவினேன். வெட்டித் தள்ளியதில் ஒலிக்கான பகுதியும் போயிருந்தது.

கோயில் தலைவர் வந்தார். "என்ன தம்பி, சாமி தோள்ல நிக்குது, பாட்டக் காணோம்?"

"சவுண்டுக்கு டிரைவர் இல்லைங்க தலைவரே."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? ஏய், நம்ம லொறி செல்வத்தக் கூப்பிடுங்கடா!"

"ஐயோ, அந்த டிரைவர் இல்லைங்க. இது வேற..."

"ஏன், செல்வத்துக்கு என்ன கொற? லைசன் இருக்கு."

டிரைவர் என்றால் ஆள் இல்லை, கணினியையும் ஒலிக்கருவியையும் பேசவைக்கிற நிரல் என்று தப்படிப்பவர்கள் வரை விளக்கினேன். "திரும்பக் கட்டணுங்க. சாயந்தரத்துக்குள்ள..."

"அதுவரைக்கும் சாமிய எறக்கி வைக்கவா?"

லொறிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு செல்வம் வந்தார். என் கணினியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வயரைப் பிடுங்கித் தன் போனில் செருகினார். குத்துப்பாட்டு ஒன்று அடுத்த மலை வரை அதிர்ந்தது. சாமி ஆட்டத்தோடு புறப்பட்டது.

"பாத்தீங்களா! டிரைவர் வந்தவொடனே சவுண்டு வந்துருச்சு!" என்று தலைவர் மைக்கிலேயே அறிவித்தார்.

பொன்னாடை போர்த்தினார்கள். யாருக்கு? செல்வத்துக்கு! ஒற்றை ஆளாய் ஓர் இயங்குதளத்தையே கட்டியவனுக்கு ஒரு தேங்காய்ச் சில்லுகூட இல்லை. போனில் வயரைச் செருகுவது ஒரு வித்தையா? எனக்கும் அது தோன்றத்தான் செய்தது. பிழையைத் தீர்க்காமல் குறுக்கு வழியில் போவது கோழைத்தனம் என்றுதான் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து ஒலிப்பகுதியைச் சேர்த்து மறுபடி கட்டினேன். அம்மன் பாட்டு கணீரென்று கேட்டது.

"திருவிழா முடிஞ்சு போச்சு, சத்தத்தக் கொற" என்றார் அம்மா.

கொடுமை அதோடு முடியவில்லை. பிறகு நான் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்ட அமுதா, அந்தச் செல்வத்தின் தங்கை. கோபத்தில் நான் பேசாமல் உட்கார்ந்தால் அவள் சமாதானம் எல்லாம் செய்வதில்லை. போனை எடுத்து, "அண்ணே, இங்க மறுபடி சவுண்டு வரல. கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்கிறாள்.

மச்சானும் வேலை வெட்டி இல்லாதவர்போல் லொறியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்.