மருதங்காவெளி விமானப்படையின் முதல் தாக்குதல்

மனிதன் வானத்திலிருந்து சண்டை போடக் கற்றுக்கொண்டு நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அந்த உயரிய கலை முழுமை அடைந்தது சென்ற கார்த்திகை மாதம், ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே இருக்கிற மருதங்காவெளியில்தான். உலக வரலாற்றாசிரியர்கள் இதை இன்னும் எழுதவில்லை என்றால், மருதங்காவெளிக்கு எந்த பஸ் போகும் என்று அவர்களுக்குத் தெரியாததுதான் காரணம்.

இந்தச் சாதனைக்குச் சொந்தக்காரர் பஞ்சநதம். ஊர் உழவர் நலச் சங்கத்தின் தலைவர். ஒரு காலத்தில் விவசாயமும் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். டிவியில் யுத்தம் வர ஆரம்பித்த பிறகு அதற்கு நேரம் இல்லாமல் போய்விட்டது. காலையில் ஒரு நாட்டு யுத்தம், மதியம் சாப்பிட்டு எழுந்தால் இன்னொரு நாட்டு யுத்தம், ராத்திரி இரண்டைப் பற்றியும் யூடியூபில் நிபுணர்கள் விளக்கம். மனுஷன் எப்போது நாற்று விடுவார், எப்போது நடவு பார்ப்பார்? அவருடைய ஒன்றரை ஏக்கரும் இந்த வருஷம் சம்பா காணாமல் தரிசாகக் கிடந்தது. கோரை இடுப்பளவு வளர்ந்து நின்றது. ஊர்க்காரர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்றார்கள். பஞ்சநதம் அதை 'வியூகக் காத்திருப்பு' என்றார்.

சாயங்காலம் ஆனால் மூஸாவின் டீக்கடை பெஞ்சில் அவர் விமானப்போர் வரலாற்றை விளக்குவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் லிபியா நாட்டில் ஓர் இத்தாலிக்காரர் சின்னக் குண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு போய், விமானத்திலிருந்து கையாலேயே கீழே போட்டாராம். ஆஸ்பத்திரி மேல் விழுந்தது என்று கீழே இருந்தவர்கள் புகார் சொன்னார்களாம். மேலே இருந்தவர்கள் அப்படி ஒன்றும் இல்லை என்றார்களாம். ஆக, விமானத் தாக்குதலும் அதற்கான மறுப்பும் கூடப்பிறந்தவை. அதற்குப் பிறகு லண்டன், டிரெஸ்டன், ஹிரோஷிமா என்று பஞ்சநதம் விரலை மடக்கிக்கொண்டே வருவார். ஒவ்வொரு தடவையும் இதோடு போர் சீக்கிரம் முடிந்துவிடும் என்று பெரியவர்கள் உறுதி கொடுத்ததை மறக்காமல் சொல்வார். வியட்நாமில் அத்தனை குண்டு போட்டும் கடைசியில் என்ன ஆயிற்று என்று மூஸா ஒருநாள் கேட்டார். டீ ஆறிப்போய்விட்டது என்று பஞ்சநதம் வேறு டீ கேட்டார்.

அந்த பெஞ்சுக்குத்தான் நஃபீசா வந்து நின்றாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் சம்பா போட்டிருப்பவள். புருஷன் ஜெக்கரியா குவைத்தில். அங்கே அவர் வேலை பார்த்த இடத்தை யுத்தத்தைக் காட்டி மூடிவிட்டார்கள். ஊருக்கு வரலாமென்றால் வானத்தையும் மூடியிருந்தார்கள். மகள் மர்யமின் படிப்பு, வீட்டு அரிசி, எல்லாவற்றுக்கும் இந்த வருஷம் அந்த வயல் ஒன்றுதான் கதி. பயிர் பொதி கட்டும் பருவம், கதிர் இன்னும் தண்டுக்குள்ளேயே இருந்தது. அவளுக்குத் தூக்கமே இல்லை.

"அண்ணே, உங்க தரிசுல எலி அடைஞ்சு கெடக்குது. பொழுது சாஞ்சா வாய்க்காலத் தாண்டி வந்து பயிரை நறுக்கிப் போட்டுட்டுப் போவுது. ஒருதரம் உழுது விட்டுட்டு நாலு கிட்டி வைக்கச் சொல்லுங்கண்ணே."

கிட்டி என்பது மூங்கிலில் செய்யும் எலிப்பொறி. தஞ்சாவூர்ப் பக்கத்தில் அதற்குத் தப்பிய எலி குறைவு. பஞ்சநதம் அந்தச் சொல்லைக் கேட்டதும் பரிதாபப்பட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, உழவு, கிட்டி இதெல்லாம் தரைப்படை வேலை. இப்ப உலகத்துல எவன் தரைப்படைய அனுப்புறான்? ஆள் சேதம் வரும்."

"கிட்டி வச்சா எலிதானேண்ணே சாவும்?"

அதைத்தான் மேலேயிருந்து செய்யப்போகிறோம் என்று பஞ்சநதம் அங்கேயே அறிவித்துவிட்டார். அவளைக் காப்பாற்றுவது இனி விமானப்படையின் பொறுப்பு. கூடவே ஜெக்கரியாவைப் பற்றியும் ஆறுதல் சொன்னார்: இந்தக் காலத்து ஏவுகணைகள் மகா துல்லியமானவை, எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்கிறார்களோ அங்கே மட்டும்தான் விழும், பயப்பட ஒன்றுமில்லை.

"முடிவு பண்றவங்களுக்கு எங்க ஊட்டுக்காரரு எங்க இருக்காருன்னு தெரியுமாண்ணே?" என்று நஃபீசா கேட்டாள்.

அது தொழில்நுட்பம் சார்ந்த கேள்வி என்று பஞ்சநதம் சொல்லிவிட்டார்.

சங்கத்தின் செயற்குழு கூடியது. ட்ரோன் வாடகைக்கு எடுப்பது, பச்சை என்று எது இருந்தாலும் கருக்கிவிடும் களைக்கொல்லியைத் தரிசு மேல் தெளிப்பது, கோரை காய்ந்து மறைவிடம் இழந்த எலிகளை 'மனச்சோர்வு' அடையச் செய்வது என்று தீர்மானம் ஆயிற்று. இதற்குப் பிடித்தது ஐந்து நிமிஷம். நடவடிக்கைக்குப் பெயர் வைப்பதற்குத்தான் மூன்று கூட்டம் தேவைப்பட்டது. 'கருடன்' என்றார் ஒருவர். ஏற்கெனவே நிறையப் பேர் வைத்துவிட்டார்கள் என்று நிராகரிக்கப்பட்டது. 'நீலவானம்' என்றார் மூஸா. சங்கச் செயலாளர் பரணிதரன், பேரைக் கேட்டாலே எலிக்கு வயிற்றைக் கலக்க வேண்டும், இது சோப்புப் பெயர் மாதிரி இருக்கிறது என்றார். கடைசியில் 'ஆபரேஷன் இடிமுழக்கம்' ஏகமனதாக நிறைவேறியது. எந்த வயல் என்ற விஷயம் மட்டும் யார் வாயிலும் வரவில்லை. அதுதான் எல்லாருக்கும் தெரியுமே!

தெரிந்தது என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். பஞ்சநதத்தின் அப்பாவுக்கும் ஜெக்கரியாவின் வாப்பாவுக்கும் வாய்க்காலின் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது. ஒருவருக்குத் தன் பம்புசெட்டுப் பக்கம் வேண்டும், இன்னொருவருக்கு ரோட்டுப் பக்கம் வேண்டும். ஒருநாள் வரப்பில் நின்று பேசி, வெற்றிலை மாற்றிக்கொள்வது போல வயலை மாற்றிக்கொண்டார்கள். அதற்கு எழுத்தும் இல்லை, பத்திரமும் இல்லை. பட்டா பழையபடியே இருந்தது. அவரவர் பெயரில் இருப்பதற்கு அவரவர் தீர்வை கட்டுவார்கள். உழுவது மட்டும் அடுத்தவர் பெயரில் இருப்பதை. எங்கள் பக்கத்தில் இது சகஜம். நாற்பது வருஷமாக ஒரு சொல் தகராறு கிடையாது. ஊரில் ஆடு மாட்டுக்குக்கூட எது யார் வயல் என்று தெரியும்.

ஆனால் ட்ரோனுக்கு யாரும் சொல்லவில்லை.

பைலட் அரவிந்தன் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து இறங்கினான். பட்டா நம்பர் கேட்டான். பஞ்சநதம் வருஷா வருஷம் தீர்வை கட்டும் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். சொன்னார். பையன் டேப்லெட்டில் தட்டினான். ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு சதுரம் சிவப்பாக ஒளிர்ந்தது.

"இதுதான சார் உங்க இடம்?"

பஞ்சநதம் குனிந்து பார்த்தார். பிறந்ததிலிருந்து மிதித்த மண்தான், ஆனால் மேலேயிருந்து அவர் பார்த்ததே இல்லை. மேலேயிருந்து பார்த்தால் கோரையும் பச்சை, பொதி கட்டிய நெல்லும் பச்சை. சதுரத்துக்கு மேலே 'பஞ்சநதம்' என்று எழுதியிருந்தது. தன் பெயரை அவ்வளவு அழகான எழுத்தில் பார்த்த பிறகு மனுஷனுக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்?

"இதேதான் தம்பி. என் பேரே போட்டிருக்கே."

வயலில் நேராகப் போய் நின்று பார்க்கலாமா என்று மூஸா கேட்டார். நவீன யுத்தத்தில் தளபதி சேற்றில் கால் வைக்கக் கூடாது என்று விளக்கப்பட்டது. சங்கத்தின் உர கோடவுன் 'கட்டுப்பாட்டு அறை' ஆயிற்று. மூட்டைகளை ஒதுக்கி, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, எதிரே டிவியைக் கட்டினார்கள். ட்ரோனின் கேமரா பார்ப்பதெல்லாம் அதில் வரும். உப்புமாவும் காபியும் வந்தன. ரகசியம் கசிந்துவிடாமல் இருக்க எல்லாரும் போனை அணைத்து ஒரு சாக்கில் போட்டார்கள்.

ட்ரோன் கிளம்பியது. திரையில் வாய்க்கால் வந்தது, ட்ரோன் அதையும் தாண்டியது. பயிருக்கு மேல் பத்தடி உயரத்தில் மருந்தைப் புகை மாதிரி இறக்கிக்கொண்டு போனது. கைதட்டல். பஞ்சநதத்துக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. எத்தனை யுத்தம் பார்த்திருப்பார், எதிலாவது அவருக்கு முன்வரிசை நாற்காலி கிடைத்திருக்கிறதா?

இரண்டாவது சுற்றில் அரவிந்தன் திரும்பிப் பார்த்தான்.

"சார், ஆளுங்க ஓடி வர்றாங்க. ஒருத்தர் துண்டை ஆட்டுறாரு. நிறுத்தவா?"

திரையில் ஒரு உருவம் வரப்பில் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடியது. அது நஃபீசாவின் வயலில் வேலை பார்க்கும் முருகையன். பஞ்சநதம் கூர்ந்து பார்த்தார். எத்தனையோ யுத்தங்களில் பார்த்த காட்சிதான்.

"நிறுத்தாதீங்க. மக்கள் வரவேற்குறாங்க."

பரணிதரன் 'உற்சாக வரவேற்பு' என்று குறித்துக்கொண்டார்.

"ஒரு பொம்பள வயல்ல எறங்கிட்டாங்க சார். ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு என்னமோ சொல்றாங்க."

"சத்தம் வருதா?"

"மைக் கிடையாது சார்."

"உணர்ச்சிவசப்பட்டிருப்பாங்க. ஆள் மேல படாம அந்த எடத்தை மட்டும் சுத்திப் போங்க, தம்பி. நாம ஒண்ணும் ஈவிரக்கம் இல்லாதவங்க கிடையாது."

அப்படியே சுற்றிப் போனது. அந்தப் பெண் நின்ற இடத்தில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு மருந்து படவில்லை. இத்தனை மனிதாபிமானம் எந்த நாட்டுப் படைக்கு உண்டு? தாக்குதல் முடிந்ததும் ஜிலேபி வழங்கப்பட்டது.

அன்று மத்தியானமே ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பஞ்சநதம் உடம்பு சரியில்லை என்று வீட்டில் படுத்துக்கொண்டார். இரண்டொரு நாளில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பயிர் மஞ்சளாகப் பழுத்தது, பிறகு வெளுத்தது, பிறகு சாய்ந்தது. நடுவில் ஒரு பாய் அகலம் மட்டும் பச்சையாக நின்றது. இந்தப் பக்கம் கோரை காற்றில் சுகமாக ஆடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூஸாவின் கடையில் விசாரணைக் குழு கூடியது. தாக்குதலை நடத்தியவர்களே விசாரித்தால்தான் விவரம் சரியாக இருக்கும் என்பதால் அதே ஆட்களே குழுவிலும் இருந்தார்கள். பரணிதரன் முடிவுகளை வாசித்தார். துல்லியம் நூற்றுக்கு நூறு, குறித்த சதுரத்தை விட்டு ஒரு துளி வெளியே போகவில்லை. அங்கே நெல் இருந்ததற்கு விமானப்படை எந்த வகையிலும் பொறுப்பாகாது. தவிர, அரசாங்க வரைபடப்படி அந்த நிலம் பஞ்சநதத்தின் பெயரில் இருக்கிறது. தன் பெயரில் இருக்கும் நிலத்துக்கு ஒருவர் தானே மருந்தடித்துக்கொண்டால் அதில் அடுத்தவருக்கு நஷ்டம் இல்லை. ஆகவே பாதிக்கப்பட்டவர் என்று எவரும் கிடையாது. இருந்தாலும் குழு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துக்கொள்கிறது. யாரிடம் என்பது பின்னர் முடிவு செய்யப்படும். அத்துடன் தலைவருக்குப் பொன்னாடை போர்த்துவது என்றும் தீர்மானிக்கப்பட்டது. மூஸா மட்டும் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

வாசிப்பு முடிகிற நேரத்தில் நஃபீசா வந்தாள். கையில் ஒரு பிடி பயிர். பெஞ்சில் பஞ்சநதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அவருக்கு என்ன தோன்றியதோ, ஒரு தண்டை எடுத்து நகத்தால் கீறினார். உள்ளே கதிர் இருந்தது. வெளியே வந்து வெயிலைப் பார்க்காமலே அழுகிப்போன இளங்கதிர். அவர் விவசாயிதானே, மறந்தாலும் கைக்குத் தெரியுமே.  நாமே இதைச் செய்தோமே என்று வெட்கமாக இருந்தது. 

தப்பு நடந்துபோச்சு தங்கச்சி என்று ஆரம்பித்தார். பரணிதரன் குறுக்கே வந்து, பட்டாப்படி பார்த்தால் தப்பு என்று சொல்ல முடியாது என்று நினைவூட்டினார்.

"பட்டா யாரு பேர்ல இருக்குன்னு கேக்க வரலண்ணே" என்றாள் நஃபீசா. அவள் குரல் அடைத்துப்போயிருந்தது. அன்றைக்குக் கத்தியதில் போன தொண்டை இன்னும் சரியாகவில்லை. "உங்களுக்குப் போன் போட்டுப் போட்டுப் பாத்தேன். அப்புறம் வயல்ல எறங்கி ரெண்டு கையையும் ஆட்டுனேன். படத்துல என்னைப் பாத்தீங்களாண்ணே?"

பஞ்சநதம் தலையாட்டினார்.

"நான்னு தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்று சொன்னால், தெரிந்தே செய்த பாவம் ஆகிவிடும். கேமரா சரியில்லை என்று சொல்லலாம், ஆனால் தீப்பெட்டியில் இருக்கும் எழுத்துகூடத் தெரியும் என்று அரவிந்தன் பெருமையடித்ததை எல்லாரும் கேட்டிருந்தார்கள்.

"தெரியல தங்கச்சி" என்றார்.

அவள் திரும்பிப் போய்விட்டாள்.

கீழே இருப்பவர்கள் யாரென்று அடையாளம் தெரியாமல் இருப்பதற்குப் பெரிய வல்லரசுகள் கோடி கோடியாகக் கொட்டி முப்பதாயிரம் அடி உயரம் ஏறிப் போகின்றன. இருபது வருஷமாகத் தன்னை 'அண்ணே' என்று கூப்பிடுகிறவளை அடையாளம் தெரியாமல் போக மருதங்காவெளித் தளபதிக்குப் பத்தடி உயரமும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போதுமாக இருந்தன.